வகுப்பறையில் அரங்கேறும் நூல்

நம் பள்ளிகளில் இலக்கியம் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அது படிக்கப்படுகிறதா என்று கேட்டால், ஆம் என்று உறுதியாக விடையிறுக்க நம்மால் இயலவில்லை. செய்யுள் வரிகள் மனப்பாடம் செய்யப்படுகின்றன; பொழிப்புரை எழுதிக்கொள்ளப்படுகிறது; ஆசிரியர் குறிப்பு ஐந்து வரிகளில் அடங்கிவிடுகிறது. தேர்வு முடிந்ததும் நூலும் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் படித்து வெளிவரும் ஒரு பிள்ளை தான் படித்த ஒரு கதையைப் பற்றித் தன் சொந்தச் சொற்களில் ஒரு பக்கம் எழுதத் தடுமாறுகிறது. குறை பிள்ளையிடத்தில் இல்லை. நாம் இலக்கியத்தை அப்பிள்ளையின் கையில் கொடுத்த முறையில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது உடனமர்ந்து கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஆசிரியர் நல்லவர், குரல் வளம் உடையவர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் அரபு நாட்டின் வளம் கூறும் பாடல்களை இசையோடு படித்து, மேகம் கடல்நீர் உண்டு எழுந்து மலையில் பொழிவதையும், வெள்ளம் பெருகி வயலில் பாய்வதையும், உழவர் நாற்று நடுவதையும் விளக்கிக்கொண்டு வந்தார். பின்வரிசையில் இருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "சார், எங்க வாப்பா இருக்கிற ஊர்ல ஒரே மணலாம். போன்ல காட்டினாங்க. இங்க ஆறு, வயல்னு புலவர் பாடுறாரே, அது எப்படி சார்?" என்றான். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, "பரீட்சையில் இது வராது, உட்கார்" என்றார். சிறுவன் உட்கார்ந்தான். அந்தப் பாடவேளை முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

அன்று அந்த வகுப்பில் சீறாப்புராணத்தை உண்மையாகப் படித்தவன் அவன் ஒருவனே என்று நாம் கருதுகிறோம். அவன் கேள்வியை ஏற்று வகுப்பே பேசியிருக்குமானால், தமிழ்க் காப்பிய மரபு முழுவதும் அந்தப் பாடவேளைக்குள் வந்து நின்றிருக்கும். அந்தக் கேள்விக்குப் பின்னர் வருவோம். நூலைப் பற்றி மாணவர் தமக்குள் பேசிக் கற்பது என்னும் முறை நமக்குப் புதியதா என்பதை முதலில் பார்ப்போம்.

ஆசானுக்குக் கால்பங்கு

வகுப்பில் நூலை விவாதிப்பதென்றால் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். தமிழ் இலக்கணம் கற்றவர்கள் அவ்வாறு எண்ண நியாயமில்லை. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் மாணவன் கற்கும் முறையை வகுத்துக் கூறுகையில், ஆசான் சொன்னதை எவ்வளவு கருத்தோடு கேட்டாலும் ஒருவனுக்குக் கிடைப்பது புலமையில் கால்பங்குதான் என்கிறார். இன்னொரு கால்பங்கு உடன் கற்பவரோடு பயில்வதால் கிடைக்கிறது. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் வருகிறது. இதனை இன்றைய வகுப்பறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசான் சொல்வதற்கு முழுப்பங்கும் கொடுத்துவிட்டு, உடன் பயில்வதற்கும் எடுத்துரைப்பதற்கும் நாம் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

நம் மதரஸாக்களின் மரபும் இதையே சொல்கிறது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இமாம் ஸர்னூஜீ எழுதிய 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் நூல், மாணவர் ஒருவரோடொருவர் கருத்துப் பரிமாறிக் கற்பதை வலியுறுத்துகிறது. ஒரு மாதம் தனியே திரும்பத் திரும்ப ஓதுவதைக் காட்டிலும் ஒரு நாழிகை கலந்து பேசுவது மேலானது என்ற கருத்து அங்கே இடம்பெறுகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. எதிரே இருப்பவர் நியாய உணர்வு உடையவராக இருக்க வேண்டும். வெல்வதற்காகவும் கோபத்தோடும் பேசுவது கூடாது. மதரஸாக்களில் பாடம் முடிந்த பிறகு ஒரு மாணவர் நடுவில் அமர்ந்து அன்றைய பாடத்தைத் தம் தோழர்களுக்கு மீண்டும் சொல்ல, அவர்கள் இடைமறித்துக் கேட்கும் 'தக்ரார்' என்னும் வழக்கத்தை ஓதியவர்கள் அறிவார்கள். இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் தம் மாணவர்களை அமர்த்திக்கொண்டு ஒவ்வொரு பிரச்சினையையும் விவாதித்துத் தெளிந்தார்கள் என்பது வரலாறு. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூ யூசுபும் இமாம் முஹம்மதும் ஆசிரியரின் கருத்திலிருந்து வேறுபட்ட இடங்கள் ஹனஃபி மத்ஹபின் நூல்களில் மறைக்கப்படாமல் பதிவாகியுள்ளன. இமாம் ஷாஃபியும் தம் ஆசிரியர் இமாம் மாலிக்கிடமிருந்து பல இடங்களில் வேறுபட்டார்கள். இவர்களில் எவரையும் ஆசானை மதியாதவர் என்று யாரும் சொன்னதில்லை. மாணவன் கேள்வி கேட்பது அதபுக்குக் குறைவு என்று இன்று நம்மில் சிலர் சொல்லும்போது, அவர்கள் எந்த மரபைக் காக்கிறார்கள் என்பது நமக்குப் புரியவில்லை.

தமிழில் அரங்கேற்றம் என்பது என்ன? புலவர் தம் நூலை அவையில் படிப்பார். அவையோர் தடை எழுப்புவர். புலவர் விடை சொல்வார். சீறாப்புராணமும், வள்ளல் சீதக்காதியின் காலத்துக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் நிறைவுற்று அரங்கேறியது என்பது வழிவழி வரும் செய்தி. தடையும் விடையும் கண்டு வந்த நூலை நாம் தடைக்கும் விடைக்கும் இடமில்லாத வகுப்பறையில் கிடத்தியிருக்கிறோம்.

மேல்நாட்டார் கண்டது

மேல்நாட்டில் இம்முறை பற்றி நிகழ்ந்த ஆராய்ச்சிகளையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். கவிதைகள் சிலவற்றை எழுதியவர் பெயர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, நிதானமாகப் படித்துக் கருத்து எழுதித் தரச் சொன்னார். அவர்கள் எழுதியவற்றை ஆராய்ந்து 1929ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். நன்கு படித்த மாணவர்களே கவிதையின் வெளிப்படையான பொருளைக்கூடத் தவறவிட்டதை அந்நூல் காட்டியது. கவிதையைப் படிக்காமல், கவிதையின் பொருளைப் பற்றித் தம் மனத்தில் முன்பே அச்சாகிக் கிடந்த உணர்ச்சியையே பலர் எழுதியிருந்தனர். தாம் நம்பும் கொள்கையைக் கவிதை சொன்னால் உயர்வு, சொல்லாவிட்டால் தாழ்வு என்று சிலர் அளந்திருந்தனர்.

இந்த இடத்தில் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. பெருமானார் (ஸல்) அவர்களைப் பற்றிப் பாடிய பாட்டு ஒன்றைக் கேட்டதும் நம் உள்ளம் உருகிவிடுகிறது. உருகவும் வேண்டும். ஆனால் அவ்வுருக்கம் பாட்டினால் வந்ததா, நாம் முன்பே கொண்டிருந்த அன்பினால் வந்ததா என்று நாம் பிரித்துப் பார்ப்பதுண்டா? பொருளின் பெருமை வேறு. பாட்டின் பெருமை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால்தான் நம் கவிதை மேடைகளில் சுவையற்ற பாட்டுகளும் கைத்தட்டல் பெறுகின்றன. உமறுப் புலவரின் உண்மையான கவித்திறமோ பேசப்படாமலே போகிறது. புலவரைப் புகழ்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவரைப் படிக்காமல் விட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் லூயி ரோசன்பிளாட் என்னும் அம்மையார் 1938ஆம் ஆண்டில் இலக்கியப் பயிற்சி பற்றி ஒரு நூல் எழுதினார். தாளில் உள்ள எழுத்து மட்டும் இலக்கியம் ஆவதில்லை. படிப்பவருடைய வாழ்வும் நினைவும் எழுத்தோடு சேர்ந்து தொழிற்படும்போதுதான் அது இலக்கியமாகிறது என்பது அவர் கருத்து. ஆகவே மாணவன் தன் அனுபவத்தோடு நூலுக்குள் வருவது குறையன்று. அங்கேதான் படிப்பே தொடங்குகிறது. ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. தனக்குத் தோன்றியதை நூலிடம் திரும்பக் கொண்டுபோய், நூல் அதற்கு இடம் தருகிறதா என்று மாணவன் சோதிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். மணலைப் பற்றிக் கேட்ட நம் சிறுவன் இந்த முதற்படியைத் தானாகவே ஏறிவிட்டான். அவனை இரண்டாம் படிக்கு ஏற்றிவிடத்தான் ஆள் இல்லை.

1994ஆம் ஆண்டில் ஹார்வி டேனியல்ஸ் என்னும் அமெரிக்கக் கல்வியாளர், மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து தாமே ஒரு நூலைத் தேர்ந்து படித்துப் பேசும் 'இலக்கிய வட்டம்' என்னும் முறையை நூலாக எழுதிப் பரப்பினார். ஒருவன் கேள்விகளைக் கொண்டு வருவான்; ஒருவன் முக்கியமான பகுதிகளை எடுத்து வாசிப்பான்; ஒருவன் நூலுக்கும் வாழ்வுக்கும் உள்ள தொடர்பைச் சொல்வான். இப்படி ஆளுக்கொரு பொறுப்பு. ஆனால் பொறுப்புகளை எழுதித் தரும் தாள்களே பின்னர் இயந்திரமாகி, பேச்சை உயிரற்றதாக்கிவிடக் கூடும் என்று அவரே எச்சரிக்க நேர்ந்தது. எந்த நல்ல முறையையும் சடங்காக்கிவிடும் ஆற்றல் பள்ளிக்கூடங்களுக்கு உண்டு. அந்த எச்சரிக்கை நமக்கும் உரியதுதான்.

மணலும் வயலும்

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். அரபு நாட்டில் வயல் ஏது?

விவாதம் நடக்கும் வகுப்பில் ஆசிரியர் உடனே விடை சொல்ல மாட்டார். "நல்ல கேள்வி. வேறு யாருக்காவது இது தோன்றியதா?" என்று கேட்பார். ஒரு பிள்ளை, புலவர் அரபு நாட்டைப் பார்த்ததில்லை, அதனால் தெரியாமல் பாடிவிட்டார் என்று சொல்லக்கூடும். இன்னொரு பிள்ளை, தெரிந்தேதான் பாடினார், பாட்டு அழகாக இருக்க வேண்டுமே என்று சொல்லக்கூடும். அப்போது ஆசிரியர் கம்பனின் கோசல நாட்டை அருகில் கொண்டுவந்து வைப்பார். அங்கும் சரயு நதி காவிரியைப் போலத்தான் பெருகுகிறது. மருத நிலம் சோழ நாட்டைப் போலத்தான் விளைகிறது. பெருங்காப்பியம் என்றால் மலையும் கடலும் நாடும் நகரும் பாடப்பெற வேண்டும் என்று தண்டியலங்காரம் விதித்திருப்பதை அவர் எடுத்துச் சொல்வார். சொல்லிவிட்டு மீண்டும் கேட்பார்: "அப்படியானால் உமறு இலக்கணத்துக்கு அடங்கிப் பாடினாரா? அல்லது தாம் நேசித்த நாட்டைத் தமக்குத் தெரிந்த நாட்டின் அழகால் அலங்கரித்தாரா?"

இதற்கு இரண்டு விடையும் சொல்லலாம். எந்த விடை சொன்னாலும், பாட்டில் எந்தச் சொல்லைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய் என்று காட்ட வேண்டும். இலக்கிய விமரிசனம் என்பது இதுதான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு காப்பியத்தின் வாசல் ஒரு சிறுவனின் கேள்வியால் திறந்துவிடும்.

'மானுக்குப் பிணை நின்ற படலம்' நாம் எல்லோரும் அறிந்தது. வேடனின் வலையில் அகப்பட்ட மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. பள்ளியில் இதற்கு எழுதப்படும் விடை 'உயிர்களிடத்தில் அன்பு காட்ட வேண்டும்' என்பதே. அது தவறன்று. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காகவா புலவர் ஒரு படலம் பாடினார்? பிணை என்ற சொல்லுக்குப் பொறுப்பேற்றல் என்றும் பொருள் உண்டு, பெண்மான் என்றும் பொருள் உண்டு என்று ஒரு மாணவி அகராதியில் கண்டு சொல்வாளானால், தலைப்பே பேசத் தொடங்கிவிடும். வேடனுக்கும் ஒரு வீடும் பசியும் உண்டே, அவன் பக்கம் நியாயம் இல்லையா என்று ஒருவன் கேட்பானானால், அந்தப் பிணையின் கனம் அப்போதுதான் விளங்கும். வேடனின் உரிமையைப் பறித்து மானை விடுவிப்பது எளிது. அவன் உரிமையை ஒப்புக்கொண்டு, தம்மையே ஈடாக வைத்து மானை அனுப்புவது அரிது. இந்த வேறுபாட்டை ஆசிரியர் சொன்னால் மாணவன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான். தானே கண்டால் வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டான்.

நம்மைப் பற்றிய நாவல்

இவ்வளவு தூரம் நம்மோடு உடன்படுகிறவர்களும் தயங்கும் ஓர் இடம் உண்டு. காப்பியத்தைப் பேசலாம், நம் சமுதாயத்தின் குறைகளை எடுத்துக்காட்டும் நாவலைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்பார்கள்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எடுத்துக்கொள்வோம். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988ஆம் ஆண்டில் நூலான நாவல் அது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து, மலையாள வழியில் படித்து, தமிழில் எழுதியவர் அதன் ஆசிரியர். 1997ஆம் ஆண்டில் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற அவர் 2019ஆம் ஆண்டில் மறைந்தார். கடலோரக் கிராமம் ஒன்றில் வடக்கு வீட்டு அஹமதுகண்ணு முதலாளியின் சொல்லே சட்டமாக இருக்கிறது. அந்த ஊருக்கு ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வர இருக்கிறது. அதை மார்க்கத்துக்கு விரோதம் என்று சொல்லி எதிர்க்கிறார்கள். முதலாளியை எதிர்த்து நிற்கும் துணிவு சுறாப்பீலி வியாபாரி மஹமூதுக்கு இருக்கிறது.

நம் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுகிறார் என்று இத்தகைய நூல்களைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். இந்த நாவலின் முதல் வாசகர்கள் முஸ்லிம் குடும்பங்களே. முஸ்லிம் இதழ் ஒன்றுதான் இதை முதலில் வெளியிட்டது. தன்னைப் பற்றிய கடுமையான கதையைத் தானே அச்சிட்டுத் தானே படித்த சமுதாயம், அக்கதையைத் தன் பிள்ளைகளின் வகுப்பறையிலிருந்து மறைத்து வைக்க வேண்டிய தேவை என்ன? பள்ளிக்கூடத்தை எதிர்த்த ஓர் ஊரின் கதையைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பேசுவதைவிடப் பொருத்தமான காரியம் வேறு உண்டா?

ஆனால் அந்தப் பேச்சைச் சரியாக நடத்த வேண்டும். முதலாளி கெட்டவர், மஹமூது நல்லவர் என்று பட்டியலிட்டு முடித்துவிட்டால் அது விவாதம் ஆகாது; பழைய நீதி வாக்கியத்தையே திருப்பி எழுதியதாகும். ஊரார் ஏன் முதலாளிக்கு அடங்கினர்? பள்ளியை எதிர்த்தவர்கள் எல்லோரும் தன்னலக்காரர்களா, அல்லது அவர்களில் உண்மையாகவே அஞ்சியவர்களும் உண்டா? அவர்கள் எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சினர்? இக்கேள்விகளைக் கேட்ட பிறகுதான் மாணவன் தன் சொந்த ஊரையும் தன் பாட்டனாரையும் புரிந்துகொள்வான். வெறுப்பில்லாமல் மாறுபடவும் கற்பான்.

மற்றொரு நன்மையும் உண்டு. அந்நாவலின் மொழி குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சுமொழி. மலையாளமும் அரபும் கலந்து வரும் அச்சொற்களை நாகூர்ப் பிள்ளை ஒரு விதமாகவும் மேலப்பாளையத்துப் பிள்ளை வேறு விதமாகவும் கேட்பார்கள். சில சொற்களுக்கு விடை சொல்ல வகுப்பில் எந்த அகராதியும் உதவாது. வீட்டில் இருக்கும் உம்மம்மாவைத்தான் கேட்க வேண்டும். உம்மம்மாவிடம் கேட்டு வந்து சொல்வதற்கு ஒரு பாடம் இருக்கிறது என்பதே நம் வீடுகளுக்கு எவ்வளவு பெரிய கௌரவம்!

பேச்சிலிருந்து எழுத்துக்கு

பேச்சு காற்றோடு போய்விடும் என்பது இம்முறையின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு. அது பெரும்பாலும் உண்மை. நாம் கண்ட சில வகுப்புகளில் விவாதம் கலகலப்பாக நடந்தது. மணி அடித்ததும் மறைந்தது. நன்றாகப் பேசும் நான்கு பேர் பேசினர். நூலைப் படிக்காதவரும் பேசினர். நாற்பது பேர் வேடிக்கை பார்த்தனர். இவ்வாறு நடப்பது விவாதம் அன்று, அரட்டை. எழுத்தோடு பிணைக்கப்படாத விவாதத்தை நாம் ஆதரிக்கவில்லை.

எழுத்து, பேச்சுக்கு முன்னும் பின்னும் வர வேண்டும். வகுப்புக்கு வருமுன் ஒவ்வொரு மாணவரும் ஒரு துண்டுத் தாளில் ஒரு கேள்வி எழுதி வரட்டும். அது விடை தெரிந்த கேள்வியாக இருத்தல் கூடாது. படிக்காதவன் கேள்வி எழுத முடியாது. ஆகவே படித்தானா என்ற சோதனையும் அதிலேயே முடிந்துவிடும். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளையின் கேள்வியும் தாளின் வழியே அவைக்கு வந்துவிடும். நம் பெண் பிள்ளைகள் பலரின் குரல் முதலில் இப்படித்தான் வெளிப்படும் என்பதை மறக்க வேண்டாம். ஐந்தாறு பேராக அமர்ந்து பேசட்டும். பேச்சு முடிந்ததும் பத்து நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதட்டும்: பேசுவதற்கு முன் நான் என்ன நினைத்தேன், இப்போது என்ன நினைக்கிறேன், மாற்றியது யார் சொன்ன எந்தச் சொல்?

இந்த மூன்றாம் கேள்வி மிக முக்கியமானது. பிறர் கருத்தை நியாயமாக எடுத்துச் சொல்லி, அதை ஏற்றோ மறுத்தோ தன் கருத்தை நிறுவுவதுதான் கட்டுரை. நம் மாணவர்கள் 'முன்னுரை, பொருளுரை, முடிவுரை' என்ற தலைப்புகளை அறிவார்கள். ஆனால் எதிரே ஒருவர் மறுப்பதற்கு இருக்கிறார் என்ற உணர்வு இல்லாததால், அவர்கள் எழுத்தில் வாதம் பிறப்பதில்லை. விவாதித்து வந்தவனுக்கு அந்த மறுப்பாளர் முகமும் பெயரும் உடையவர். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக எழுதும்போது வாக்கியத்துக்குத் தானாகவே முதுகெலும்பு வந்துவிடுகிறது.

மணலைக் கண்ட அந்தச் சிறுவனுக்கு நாம் ஆசிரியராக இருந்தால் ஒரு பயிற்சி கொடுத்திருப்போம். உன் வாப்பா இருக்கும் ஊரை, அங்கே போகாத உன் உம்மாவுக்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுது. உம்மா அறிந்த பொருள்களையே உவமையாக வை. எழுதத் தொடங்கிய அரை நாழிகையில், மணலை விளக்க வயலைத் தேடும் தேவை அவனுக்கே வந்திருக்கும். உமறுப் புலவர் ஏன் அப்படிப் பாடினார் என்பதை எந்த உரையாசிரியரும் அவனுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

சில தடைகள்

பாடத்திட்டம் பெரிது, நேரம் இல்லை என்பார்கள். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. தமிழ்ப் பாடநூலில் விரிவானம் என்று ஒரு பகுதி இருக்கிறது. கதையும் வாழ்க்கைச் சித்திரமும் அதில் வருகின்றன. மாதம் ஒன்றை மட்டும் இவ்வாறு பேசினாலும் போதும்.

பிள்ளைகள் தவறான பொருள் கொண்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கொள்ளத்தான் செய்வார்கள். சொல்லின் பொருளிலும் செய்தியிலும் பிழை நேர்ந்தால் ஆசிரியர் திருத்தியே ஆக வேண்டும். எல்லா விடையும் சரிதான் என்று தலையசைப்பது ஆசிரியப் பணி ஆகாது. மார்க்கச் செய்தி பற்றி ஐயம் எழுந்தால் அதை அறிந்த ஆலிமிடம் கேட்டு வருமாறு சொல்வதும் ஆசிரியர் கடமை. ஆனால் பிழையாகப் படித்த பிள்ளையைத் திருத்தலாம். படிக்கவே படிக்காத பிள்ளையைத் திருத்த வழி இல்லை.

எழுத்தாளர்கள் பள்ளிக்கூடத்திலா உருவானார்கள் என்றும் கேட்பவர் உண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1938ஆம் ஆண்டில் 'காதலா கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் அணிந்துரை வழங்கினார். அமெரிக்கப் பேரறிஞர் இலக்கியக் கல்வி பற்றி நூல் எழுதிய அதே ஆண்டில், இலக்கியக் கல்வி மறுக்கப்பட்ட நம் பெண்மணி ஒருவர் நாவலே எழுதிவிட்டார் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு வருத்தமும் இருக்கிறது. ஒரு ஜுனைதா தடையைத் தாண்டி வந்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற மற்றப் பெண்களின் மனத்தில் இருந்த கதைகள் எங்கே போயின? மேதைகளுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படாமல் இருக்கலாம். பள்ளிக்கூடம் மற்றவர்களுக்காகத்தான்.

கண்டியில் கல்விக்காக உழைத்த சித்தி லெப்பை 1885ஆம் ஆண்டிலேயே 'அசன்பே சரித்திரம்' எழுதினார். தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே அதில் நமக்குப் பங்கு இருந்திருக்கிறது. பள்ளி வைத்தவரும் நாவல் எழுதியவரும் ஒருவராகவே இருந்தார் என்பதை நம் கல்வி நிலையங்களை நடத்துபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடமும் கணிப்பொறியும் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு, ஒரே நூலின் முப்பது படிகள் வாங்கவும் செலவாகட்டும். எல்லோர் கையிலும் நூல் இல்லாமல் நூலைப் பற்றிய பேச்சு நடக்காது.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் மகனோ மகளோ பள்ளியிலிருந்து வந்ததும், "இன்று என்ன பாடம்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இன்று நீ என்ன கேட்டாய்?" என்றும் ஒருமுறை கேளுங்கள். அன்று "உட்கார்" என்ற சொல்லுக்கு அடங்கிய அந்தச் சிறுவன் வீட்டுக்குப் போய் என்ன சொன்னானோ நாம் அறியோம். வாப்பா வெளிநாட்டில், உம்மா அடுக்களையில். அவன் கேள்வியை யாராவது ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருந்தால், அவன் அடுத்த வகுப்பில் மீண்டும் எழுந்து நின்றிருப்பான். அவன் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம்.